‘பீப்’ ஒலிக்குப் பிறகு

கடையில் புது ஸ்கேனர் மாட்டிய முதல் நாள் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும். சோப்பு உறையின் மேல் சிவப்பு ஒளி படுகிறது, ‘பீப்’ என்று கேட்கிறது, திரையில் 13 இலக்கங்கள் வந்து நிற்கின்றன. பில் போடுபவர் அடுத்த பொருளைக் காட்டுகிறார். மறுபடி பீப். இப்போது அதே கட்டத்தில் 26 இலக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. அப்படி ஒரு பொருளே பட்டியலில் இல்லை என்கிறது மென்பொருள். “ஸ்கேன் ஆகுதுங்க, ஆனா என்டர் விழ மாட்டேங்குது” என்று விற்றவருக்குப் போன் போகிறது.

கருவியில் பழுது எதுவும் இல்லை. கோடுகளைச் சரியாகவே படித்திருக்கிறது. அனுப்பியதில் ஓர் எழுத்து மட்டும் குறைகிறது. கண்ணுக்குத் தெரியாத எழுத்து அது. ஆஸ்கி என்னும் கணினி எழுத்துப் பட்டியலில் அதன் எண் 13. டெலிபிரின்டர் காலத்தில் அச்சுத் தலையை வரியின் தொடக்கத்துக்குத் திருப்பிக் கொண்டுவருவதற்காகப் பிறந்த கட்டளை. பார்கோடின் இலக்கங்கள் முடிந்ததும் இதையும் சேர்த்து அனுப்பு என்று அந்த ஸ்கேனருக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.

பார்கோடு பற்றிய விளக்கங்கள் பெரும்பாலும் கோடுகளோடு நின்றுவிடுகின்றன. கோடுகளின் கணிதம் அழகானது. சென்ற அத்தியாயத்தை முழுக்க அதற்கே கொடுத்தோம். ஆனால் கல்லாவில் உட்கார்ந்திருப்பவரின் தொல்லைகளில் பெரும்பகுதி பீப் ஒலிக்குப் பிறகுதான் தொடங்குகிறது. கருவி படித்தது ஒன்றாகவும், அனுப்பியது வேறாகவும், கணினி அதை எடுத்துக்கொண்டது இன்னொன்றாகவும் இருக்கலாம். அந்த இடைவெளியில் நடப்பவற்றைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். பெரும்பாலும் ஒரு வினாடிக்குள் முடிந்துவிடும் விஷயம், ஆனால் அதற்குள் ஐம்பது ஆண்டுக் கணினி வரலாறு மடித்து வைக்கப்பட்டிருக்கிறது.

1974 ஜூன் 26 அன்று அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் டிராய் என்ற ஊரின் மார்ஷ் சூப்பர் மார்க்கெட்டில் 67 சென்ட் விலையுள்ள ஜூசி ஃப்ரூட் சூயிங்கம் பொட்டலம் ஸ்கேன் செய்யப்பட்டது. கடைப்பொருள்களுக்கான பார்கோடு ஒன்று கல்லாவில் படிக்கப்பட்டது அதுவே முதல் முறை. அங்கே ஸ்கேனரும் கல்லாவும் ஒரே ஏற்பாட்டின் உறுப்புகள். ஒன்று சொல்வது மற்றொன்றுக்குப் புரியுமா என்ற கேள்வியே எழவில்லை, ஏனென்றால் இரண்டையும் பேசிவைத்துத்தான் நிறுவியிருந்தார்கள்.

தனிநபர் கணினிகள் கடைகளுக்கு வந்தபோதுதான் சிக்கல் தோன்றியது. கணக்கு மென்பொருளை எழுதியவருக்கு ஸ்கேனர் என்று ஒன்று வரப்போவது தெரியாது. ஸ்கேனர் செய்தவருக்கு எந்தக் கடையில் எந்த மென்பொருள் ஓடும் என்று தெரியாது. எல்லாக் கணினிக்கும் பொதுவாக இருந்தது கீபோர்டு ஒன்றுதான். ஆகவே கீபோர்டு வயரைக் கழற்றி, நடுவில் ஓர் இணைப்பைச் செருகி, அதன் வழியாக ஸ்கேனரையும் சேர்த்துவிட்டார்கள். ‘கீபோர்டு வெட்ஜ்’ என்று அதற்குப் பெயர். இலக்கங்கள் விரலிலிருந்து வருகின்றனவா, ஒளியிலிருந்து வருகின்றனவா என்பது கணினிக்குத் தெரியாது. மிகச் சிக்கனமான தீர்வு. மனிதர் தட்டச்சு செய்யக்கூடிய எந்தக் கட்டத்திலும் ஸ்கேனரும் எழுதும். மென்பொருளில் ஒரு வரிகூட மாற்ற வேண்டாம். பில் மென்பொருள், எக்செல், நோட்பேட், வங்கியின் இணையப் பக்கம், எல்லாம் அதற்கு ஒன்றே.

அந்த இரட்டை வயர் இன்று பழம்பொருள். ஆனால் யூஎஸ்பியில் செருகப்படும் பெரும்பாலான ஸ்கேனர்கள் இப்போதும் முதலில் தம்மைக் கணினிக்குக் கீபோர்டு என்றே அறிமுகப்படுத்திக்கொள்கின்றன. இந்த ஒரு முடிவிலிருந்துதான் அடுத்து வரும் வசதிகள் எல்லாம் கிளைக்கின்றன, தொல்லைகளும் அப்படியே.

யூஎஸ்பி கீபோர்டு கணினிக்கு எழுத்துகளை அனுப்புவதில்லை. விசைகளின் இடங்களைத்தான் அனுப்புகிறது. அடிப்படை முறையில் ஒவ்வொரு முறையும் 8 பைட்டுகள் கொண்ட சிறு அறிக்கை போகும். முதல் பைட்டில் ஷிப்ட், கன்ட்ரோல், ஆல்ட் போன்ற துணை விசைகளின் நிலை இருக்கும். இரண்டாவது பைட்டு ஒதுக்கி வைக்கப்பட்டது. மீதி ஆறிலும் அந்தக் கணத்தில் அழுத்தப்பட்டிருக்கும் விசைகளின் எண்கள். ஆங்கில ‘ஏ’ இருக்கும் விசைக்கு 4, மேல்வரிசை 1-க்கு 30, அதே வரிசையில் 0-க்கு 39, என்டருக்கு 40, டேபுக்கு 43. இந்தியாவில் உறுப்பினராகப் பதிவு செய்யும் நிறுவனங்களுக்கு ஒதுக்கப்பட்ட 890 என்ற முன்னெண்ணை நம் ஸ்கேனர் படித்ததும் கணினிக்குப் போவது 37, 38, 39 என்ற மூன்று இடங்களின் எண்கள்.

அழுத்தியதைச் சொன்னால் மட்டும் போதாது, விட்டதையும் சொல்ல வேண்டும். பார்கோடில் அடுத்தடுத்து இரண்டு சுழியங்கள் இருந்தால், நடுவே விசையை விட்டதாக அறிக்கை போகாவிட்டால் கணினி அதை ஒரே அழுத்தமாகத்தான் எடுத்துக்கொள்ளும். ஆகவே எழுத்துக்கு இரண்டு அறிக்கை என்று வைத்தால், 13 இலக்கமும் ஓர் என்டரும் சேர்ந்து 28 அறிக்கைகள், 224 பைட்டுகள். 14 எழுத்துகளைச் சொல்ல இவ்வளவு.

இடத்தின் எண்ணை எழுத்தாக மாற்றுவது கணினியின் வேலை. அது அந்த நேரத்தில் எந்தக் கீபோர்டு அமைப்பு தேர்வு செய்யப்பட்டிருக்கிறதோ அதைப் பார்த்து மாற்றும். பிரான்சில் புழங்கும் அமைப்பில் மேல்வரிசை விசைகளை ஷிப்ட் இல்லாமல் அழுத்தினால் இலக்கங்கள் வராது. அமெரிக்க அமைப்புக்கு வைக்கப்பட்ட ஸ்கேனரை அந்தக் கணினியில் செருகி 890 என்று படித்தால், 8-க்குப் பதில் அடிக்கோடும், 9-க்குப் பதில் கீழே கொக்கி போட்ட ‘சி’ எழுத்தும், 0-க்குப் பதில் தலையில் சாய்கோடு ஏந்திய ‘ஏ’ எழுத்தும் விழும். ஜெர்மன் அமைப்பில் இலக்கங்கள் தப்பித்துவிடும், ஆனால் ‘ஒய்’யும் ‘இசட்’டும் இடம் மாறி நிற்கும். கருவி இந்த மூன்று இடங்களிலும் ஒரே 37, 38, 39-ஐத்தான் அனுப்பியது.

தமிழிலும் இது நடக்கும். தமிழ்99 அமைப்பைத் தேர்ந்து கடிதம் ஒன்றை அடித்துக்கொண்டிருந்த கணினியில், எல், ஓ, டி என்ற மூன்று ஆங்கிலச் சிற்றெழுத்துகள் கொண்ட பார்கோடைப் படித்தால் ‘தடே’ என்று விழும். அந்த இடங்களில் தகரம், டகரம், ஏகாரம் ஆகியவை இருக்கின்றன. டகரமும் ஏகாரமும் தாமே சேர்ந்து டே ஆகிவிடுகின்றன. இலக்கங்கள் மட்டுமே கொண்ட பொருள்களைப் படிக்கும் வரை யாரும் இதைக் கவனித்திருக்க மாட்டார்கள். எழுத்துகள் கலந்த தொகுதி எண் ஒன்று வரும் நாளில்தான் வெளிப்படும், அதுவும் அன்று கணினியில் தமிழில் அடித்த ஒருவர் அமைப்பை மாற்ற மறந்திருந்தால் மட்டும். எப்போதாவது வரும் பிழைகள் கண்டுபிடிக்கக் கடினமானவை. ஸ்கேனர் பிழைகளில் பல இந்த வகை. கேப்ஸ் லாக் விசை போட்டபடி இருந்தால் பெரிய எழுத்துகள் சிறியவையாகவும் சிறியவை பெரியவையாகவும் மாறி விழுவதும் இதே குடும்பம்.

இதற்கு ஸ்கேனர்களில் இரண்டு விதமான மாற்று உண்டு. கணினியில் இருக்கும் அமைப்பு எது என்று ஸ்கேனருக்குச் சொல்லிவிடலாம். பிரெஞ்சு என்று சொன்னால் அது இலக்கங்களுக்கு ஷிப்ட் சேர்த்து அனுப்பும். அல்லது எழுத்தின் ஆஸ்கி எண்ணையே அனுப்பச் சொல்லலாம். விண்டோஸில் ஆல்ட் விசையைப் பிடித்துக்கொண்டு வலப்பக்க எண் பட்டையில் 65 என்று அடித்தால் ஆங்கிலப் பெரிய ‘ஏ’ வரும், எந்த அமைப்பு இருந்தாலும். ஸ்கேனரும் அப்படியே அடிக்கும். ஓர் எழுத்துக்கு இத்தனை விசைகள் என்பதால் மெதுவாகத்தான் போகும், விண்டோஸுக்கு வெளியே இதை நம்பவும் முடியாது. எழுத்துகள் பல மொழி அமைப்புகளில் சிதறும் இடங்களில் மட்டும் இதை வைத்துக்கொள்வது நல்லது.

சரி, இதையெல்லாம் ஸ்கேனரிடம் சொல்வது எப்படி? அதற்குத் திரை கிடையாது, மெனு கிடையாது. இருப்பது ஒரு விசைவில், ஒரு விளக்கு, ஒரு பீப். கண் மட்டும்தான் கூர்மையானது. அதனால் கட்டளைகளையும் கண் வழியாகவே கொடுக்கிறார்கள். பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளில் வரிசையாக அச்சிட்டிருக்கும் பார்கோடுகள் அதற்குத்தான். ‘என்டர் சேர்’ என்று பெயரிட்ட கோடுகளை ஒருமுறை படித்தால், மின்சாரம் போனாலும் அழியாத நினைவகத்தில் அது பதிந்துவிடும். நாம் தொடங்கிய தொல்லைக்கு மருந்து இவ்வளவுதான், ஒரே ஒரு பீப்.

சோப்பு உறையின் கோடுகள் சரக்கு, இந்தத் தாளின் கோடுகள் கட்டளை என்று கருவி எப்படிப் பிரித்தறிகிறது? இரண்டும் கறுப்பு வெள்ளைக் கோடுகளே. விடை கோடு 128 என்ற வகையின் உள்ளே இருக்கிறது. 1981-இல் வெளிவந்த இந்த வகையில் ஒவ்வோர் எழுத்தும் 11 அலகு அகலம். அதற்குள் மூன்று கறுப்புப் பட்டைகளும் மூன்று வெள்ளை இடைவெளிகளும். இதை வகுத்தவர்கள் ஆஸ்கி எழுத்துகளுக்கு இடம் கொடுத்ததோடு நிற்காமல், எந்த எழுத்தையும் குறிக்காத சில சிறப்புக் குறிகளையும் சேர்த்தார்கள். அவற்றில் மூன்றாவதற்கு எஃப்என்சி 3 என்று பெயர். அது சொல்வது ஒன்றுதான்: இந்தப் பார்கோடில் இருப்பது கணினிக்குப் போக வேண்டிய தரவு இல்லை, படிக்கும் கருவிக்கான அறிவுறுத்தல்.

எனக்கு மிகவும் பிடித்த வடிவமைப்பு முடிவுகளில் இது ஒன்று. எஃப்என்சி 3 ஆஸ்கியில் இல்லை. எந்தக் கீபோர்டிலும் அதற்கு விசை இல்லை. சாதாரணமாக லேபிள் அச்சிடுபவர் எதைத் தட்டினாலும் அது தற்செயலாக உள்ளே நுழைந்துவிடாது. ஆகவே பிஸ்கட் பொட்டலத்தின் கோடுகள் ஒருநாளும் கருவியைத் திசை மாற்றாது. கட்டளைத் தாளின் கோடுகளும் பில்லில் ஒரு வரியாக விழாது. தரவும் கட்டளையும் ஒரே வாசல் வழியாக வரும்போது அவற்றைப் பிரித்து வைப்பது கணினி அறிவியலின் பழைய பெரிய சிக்கல்களில் ஒன்று. இங்கே அதை ஒரே ஒரு குறியில் தீர்த்திருக்கிறார்கள். பல தயாரிப்பாளர்கள் இந்த வழியையே பின்பற்றுகிறார்கள். வேறு சிலர் ‘அமைப்பு தொடங்கு’ என்ற கோட்டை முதலில் படிக்கச் சொல்லி, ‘அமைப்பு முடி’ என்ற கோடு வரும் வரை வருபவை எல்லாவற்றையும் கட்டளையாக எடுத்துக்கொள்கிறார்கள். தாளின் முதல் பக்கத்தைப் பார்த்தாலே எந்த வகை என்று தெரிந்துவிடும்.

எண்களையும் இப்படியே கொடுக்கலாம். பின்னொட்டாக எதைச் சேர்ப்பது என்று கேட்கும்போது, கடைசிப் பக்கத்தில் 0 முதல் 9 வரை தனித்தனியாக இருக்கும் கோடுகளை ஒவ்வொன்றாகப் படித்து எண்ணைக் கட்ட வேண்டும். சில கருவிகள் பத்தடிமான எண்ணைக் கேட்கும், சில பதினாறடிமானத்தைக் கேட்கும். 13 என்று நினைத்து 1, 3 என்று படித்தால் பதினாறடிமானத்தில் அது 19 ஆகிவிடும். அங்கே 0, டி என்று படிக்க வேண்டும். இந்த வேலையைச் செய்யும்போது பக்கத்தில் உள்ள மற்ற கோடுகளைக் கையாலோ வெள்ளைத் தாளாலோ மறைத்துக்கொள்ளுங்கள். க்யூஆர் படிக்கும் இன்றைய ஸ்கேனருக்குள் இருப்பது கேமரா. அது பக்கத்தின் பெரும்பகுதியை ஒரே பார்வையில் பார்க்கும், நீங்கள் நினைத்த கோட்டைத்தான் எடுக்கும் என்ற உறுதி இல்லை. நேற்று வரை ஒழுங்காக இருந்த ஸ்கேனர் இன்று திடீரென்று விசித்திரமாக நடந்தால், யாராவது தாளைப் புரட்டும்போது எதையாவது படித்துவிட்டார்களா என்று முதலில் கேளுங்கள்.

அடுத்தது, எதை அனுப்புவது என்ற கேள்வி. பொருளின் பார்கோடில் கடைசி இலக்கம் சரிபார்ப்பு இலக்கம். மாதிரிக்கு 890123456789 என்ற 12 இலக்கங்களை எடுத்துக்கொள்வோம். இடமிருந்து முதல் இலக்கத்தை 1-ஆலும் இரண்டாவதை 3-ஆலும் மாறி மாறிப் பெருக்கிக் கூட்டினால் 130 வரும். அதை அடுத்த பத்தின் மடங்காக்க எதுவும் சேர்க்கத் தேவையில்லை, ஆகவே 13-வது இலக்கம் 0. ஸ்கேனர் இந்தக் கணக்கைத் தானே போட்டுப் பார்த்து, பொருந்தினால்தான் பீப் சொல்கிறது. சரிபார்த்து முடித்த பிறகு அந்த இலக்கத்தைக் கணினிக்கு அனுப்ப வேண்டுமா, வேண்டாமா? இரண்டுக்கும் அமைப்பு உண்டு. அனுப்பாத அமைப்பில் பொருள் பட்டியலை ஏற்றிவிட்டு, அனுப்பும் அமைப்பில் உள்ள வேறொரு ஸ்கேனரால் பில் போட்டால், கடையில் உள்ள எந்தப் பொருளும் கிடைக்காது.

அமெரிக்காவிலிருந்து வரும் பாதாம், சாக்லேட் பாக்கெட்டுகளில் இன்னொரு சிக்கல். அவற்றில் 12 இலக்கங்களே அச்சிட்டிருக்கும். ஆனால் கோடுகளைப் பொறுத்தவரை அந்த 12 இலக்க வடிவம், சுழியத்தில் தொடங்கும் 13 இலக்க வடிவமேதான்; இரண்டிலும் 95 அலகுகள், ஒரே கோடுகள். 13 இலக்க வடிவில் முதல் இலக்கத்துக்கென்று தனியாகக் கோடுகள் இல்லை. இடப்பாதியின் ஆறு இலக்கங்கள் எந்தெந்த வடிவில் எழுதப்பட்டிருக்கின்றன என்பதிலிருந்து அது ஊகிக்கப்படுகிறது, ஆறும் ஒரே வடிவில் இருந்தால் 0. ஆகவே ஒரே பாக்கெட்டை ஒரு ஸ்கேனர் 12 இலக்கமாகவும் மற்றொன்று முன்னே சுழியம் வைத்து 13 இலக்கமாகவும் அனுப்பும். இரண்டும் சரி. பட்டியலை வடிவமைப்பவர் எல்லாவற்றையும் இடப்பக்கம் சுழியங்களால் நிரப்பி 14 இலக்கமாக வைத்துக்கொண்டால் இந்தத் தகராறு எழாது. உலகளவில் இந்த எண்களை நிர்வகிக்கும் ஜிஎஸ்1 அமைப்பு பரிந்துரைப்பதும் அதையே.

நூலகங்களுக்கு ஒரு தனி அமைப்பு இருக்கிறது. புத்தகங்களின் பார்கோடு 978 என்று தொடங்கும். 2007-க்கு முன்பு ஐஎஸ்பிஎன் 10 இலக்கம்தான். பழைய பட்டியல்கள் அப்படியே இருக்கின்றன. ஸ்கேனரை அமைத்தால் அது 978-ஐ வெட்டி, கடைசி இலக்கத்தை நீக்கி, பழைய முறைப்படி 11-ஆல் வகுக்கும் கணக்கைப் போட்டுப் புதிய சரிபார்ப்பு இலக்கத்தைச் சேர்த்து அனுப்பும். 979-இல் தொடங்கும் புத்தகங்களுக்குப் பத்திலக்க வடிவமே கிடையாது என்பதால் அவற்றை அப்படியே விட்டுவிட வேண்டும்.

எக்செல்லில் நேரடியாகச் சரக்குக் கணக்கெடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பார்கோடை எக்செல் எண்ணாக எடுத்துக்கொள்கிறது. முன்னால் உள்ள சுழியம் போய்விடும், 13 இலக்க எண் அடுக்குக்குறி வடிவில் சுருங்கிக் காட்சி தரும். அட்டைப்பெட்டிகளில் ஒட்டும் 18 இலக்க எண்ணென்றால் 15 இலக்கத்துக்குப் பிறகு உள்ளவை சுழியங்களாகி நிரந்தரமாக அழிந்துவிடும். ஸ்கேனரில் ஒற்றை மேற்கோள் குறியை முன்னொட்டாக வைத்துவிட்டால் எக்செல் அதை எழுத்தாகவே வைத்துக்கொள்ளும்.

மருந்துக்கடைக்கு வருவோம். இந்த அத்தியாயத்தின் மற்ற எல்லாவற்றையும்விட எனக்கு இது முக்கியமாகப்படுகிறது, ஏனென்றால் இங்கே தவறினால் தவறுவது ஒரு சோப்பின் விலை மட்டும் இல்லை. 2023 ஆகஸ்ட் 1 முதல் இந்தியாவில் அதிகம் விற்கும் 300 மருந்துப் பெயர்களின் உறைகளில் பார்கோடோ க்யூஆர் கோடோ அச்சிடுவது கட்டாயம். மருந்தின் பெயர், தயாரிப்பாளர், தொகுதி எண், தயாரித்த நாள், காலாவதி நாள், உரிம எண் முதலிய விவரங்கள் அதில் இருக்க வேண்டும். உலக மருந்துச் சந்தைகளில் இதற்கெனப் பரவலாகப் புழங்குவது ஜிஎஸ்1 வகுத்த சரம். அதில் ஒவ்வொரு விவரத்துக்கும் முன் ஓர் அடையாள எண் நிற்கும்: 01 என்றால் பொருளின் 14 இலக்க எண், 17 என்றால் ஆறிலக்கக் காலாவதித் தேதி, 10 என்றால் தொகுதி எண், 21 என்றால் தனிப் பெட்டியின் வரிசை எண். உறையில் இந்த எண்கள் அடைப்புக்குறிக்குள் அச்சிட்டிருக்கும், ஆனால் கோடுகளுக்குள் அடைப்புக்குறி கிடையாது.

பொருள் எண்ணும் தேதியும் நீளம் மாறாதவை. எங்கே முடிகின்றன என்று எண்ணிப் பார்த்தே சொல்லிவிடலாம். தொகுதி எண்ணும் வரிசை எண்ணும் 20 எழுத்து வரை எந்த நீளத்திலும் இருக்கலாம். தொகுதி 4521, வரிசை எண் 7788 என்று வைத்துக்கொள்வோம். சரம் 104521217788 ஆகிறது. இதைத் தொகுதி 4521, வரிசை 7788 என்றும் படிக்கலாம். தொகுதி 45, வரிசை 217788 என்றும் படிக்கலாம். தொகுதி எண் மட்டுமே, அது 4521217788 என்றும் படிக்கலாம். மூன்றுக்கும் இலக்கணம் இடம் தருகிறது. ஒரு தொகுதியைச் சந்தையிலிருந்து திரும்பப் பெறச் சொல்லும் அறிவிப்பு வரும் நாளில் இந்தக் குழப்பம் என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள்.

அதனால் நீளம் மாறக்கூடிய விவரத்துக்குப் பின் இன்னொன்று வந்தால் நடுவே ஒரு பிரிப்பான் வைத்திருக்கிறார்கள். ஸ்கேனர் அதை ஆஸ்கியின் 29-வது எழுத்தாக அனுப்ப வேண்டும். இங்கேதான் கீபோர்டு வேடம் மறுபடி இடிக்கிறது: 29-வது எழுத்துக்குக் கீபோர்டில் விசை எங்கே? பல ஸ்கேனர்கள் தொழிற்சாலையிலிருந்து வரும் அமைப்பில் அதைச் சத்தமின்றி விழுங்கிவிடுகின்றன. உறையில் பிரிப்பான் இருந்தது, கருவி படித்தது, கணினிக்கு மட்டும் வந்து சேரவில்லை.

அதை அனுப்ப ஒரு பழைய வழி உண்டு. ஆஸ்கியின் முதல் 32 இடங்கள் அச்சில் தெரியாத கட்டுப்பாட்டு எழுத்துகளுக்கு. கன்ட்ரோல் விசை பிறந்ததே அவற்றுக்காகத்தான். அது கூட அழுத்தப்பட்ட எழுத்தின் எண்ணிலிருந்து 64-ஐக் கழித்துவிடும். ‘எம்’ எழுத்தின் எண் 77, ஆகவே கன்ட்ரோல்-எம் என்பது 13, அதாவது என்டர். ‘ஜே’ 74, ஆகவே கன்ட்ரோல்-ஜே என்பது 10, அடுத்த வரிக்கு இறங்கும் குறி. மூடும் சதுர அடைப்பு 93. அதனுடன் கன்ட்ரோலை அழுத்தினால் 29. ‘கட்டுப்பாட்டு எழுத்துகளைக் கன்ட்ரோல் விசையோடு அனுப்பு’ என்ற அமைப்பை இயக்கினால் ஸ்கேனர் இப்படியே அடிக்கும், மென்பொருள் அதைப் புரிந்துகொள்ளும்படி எழுதப்பட்டிருந்தால் சிக்கல் தீர்ந்தது. அது முடியாவிட்டால் 29-க்குப் பதிலாக, தொகுதி எண்களில் வராத வேறொரு குறியை அனுப்பும்படி ஸ்கேனரை மாற்றிவைத்து, அதை மென்பொருளுக்கும் தெரிவிக்கலாம்.

கன்ட்ரோல் விசையின் இந்தப் பழைய பொருள் இன்றைய கணினிகளில் பெரும்பாலும் மறந்துபோயிற்று. அது இப்போது குறுக்குவழிகளுக்கான விசை. பார்கோடின் முடிவில் 10-வது எழுத்தை அனுப்ப அமைத்த ஸ்கேனரைக் குரோம் உலாவியில் ஓடும் பில் பக்கத்தில் பயன்படுத்தினால், ஒவ்வொரு பொருளுக்கும் பதிவிறக்கப் பட்டியல் திறந்துகொள்ளும். குரோமுக்குக் கன்ட்ரோல்-ஜே என்றால் அதுதான். 10-ஐ எடுத்துவிட்டு 13-ஐ மட்டும் வைத்தால் நின்றுவிடும்.

இதே வாசல் வழியாகக் கெட்ட நோக்கம் உடையவரும் நுழையலாம். 2015-இல் டோக்கியோவில் நடந்த பேக்செக் மாநாட்டில் டென்சென்ட் நிறுவனத்தின் ஷுவான்வு ஆய்வகத்தினர் அதைச் செய்து காட்டினார்கள். கட்டுப்பாட்டு எழுத்துகளை உள்ளே வைத்து அச்சிட்ட பார்கோடுகளைக் காட்டியே, ஸ்கேனர் மாட்டிய கணினியில் கோப்புகளைத் திறக்கும் பெட்டியை வரவழைத்து, அங்கிருந்து கட்டளைகளை ஓட்டினார்கள். ‘பேட் பார்கோடு’ என்று அதற்குப் பெயரிட்டார்கள். எஃப்என்சி 3 காவல் காப்பது ஸ்கேனரின் அமைப்புகளை மட்டுமே. கணினியைக் காப்பது அதன் வேலையில்லை. வாடிக்கையாளர் தம் கையால் எதையும் காட்டக்கூடிய இடங்களில், விலை பார்க்கும் இயந்திரம், டிக்கெட் வாயில் போன்றவற்றில், கட்டுப்பாட்டு எழுத்துகளை அனுப்பும் அமைப்பை மூடிவைப்பதும், தேவையான பார்கோடு வகைகளை மட்டும் திறந்து மற்றவற்றை அணைப்பதும் அவசியம்.

நீளமான க்யூஆர் கோடுகளில் வேகமும் ஒரு பிரச்சினை. ஆதார் கடிதத்தில் உள்ள பாதுகாப்பான க்யூஆர் கோடு பெயர், முகவரி, சிறு படம், எண்முறைக் கையொப்பம் ஆகியவற்றைச் சுருக்கி ஒரே மாபெரும் முழு எண்ணாக வைத்திருக்கிறது. அதைக் கீபோர்டு வேடத்தில் உள்ள ஸ்கேனர் ஆயிரக்கணக்கான இலக்கங்களாகத் தட்டச்சு செய்ய வேண்டும். 3000 இலக்கம் என்று கொண்டால் 6000 அறிக்கைகள். கணினி 10 மில்லிவினாடிக்கு ஒருமுறை அறிக்கை கேட்டால் ஒரு நிமிடம் ஆகும். 1 மில்லிவினாடிக்கு ஒருமுறை என்றால் 6 வினாடி. வேகத்தைக் கூட்டினால் மெதுவான மென்பொருள் நடுவே சில இலக்கங்களைத் தவறவிடும். எழுத்துகளுக்கிடையே இடைவெளி வைக்கும் அமைப்பு அதற்காகவே இருக்கிறது. சில மில்லிவினாடிகளில் தொடங்கி, தவறாமல் வரும் வரை கூட்டிப் பார்க்க வேண்டும்.

கீபோர்டு வேடத்தையே கலைத்துவிடுவது இன்னொரு வழி. ‘மெய்நிகர் காம் போர்ட்’ என்ற அமைப்பில் ஸ்கேனர் விசைகளின் இடங்களை விட்டுவிட்டு எழுத்துகளின் பைட்டுகளையே அனுப்புகிறது. முன்பு 224 பைட்டு ஆன அதே செய்தி இப்போது 14 பைட்டு. பிரெஞ்சு அமைப்பு, தமிழ்99, கேப்ஸ் லாக் எதுவும் அதைத் தொடாது. 29-வது எழுத்து 29 ஆகவே வந்து சேரும். கர்சர் வேறு கட்டத்தில் நின்றாலும் எண் தவறான இடத்தில் விழாது. பார்கோடு கருவிகளுக்கென்றே யூஎஸ்பி தரத்தில் ஒரு தனி வகையும் உண்டு. விலை என்னவென்றால், அந்த வழியைக் கேட்டுக்கொண்டிருக்க மென்பொருள் எழுதப்பட்டிருக்க வேண்டும். மளிகைக் கடைக்குக் கீபோர்டு வேடம் போதும். மருந்துக்கடைக்கும் மருத்துவமனைக்கும் மென்பொருள் எழுதுபவர்கள் காம் போர்ட் வழியையே முதலில் ஆதரிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

எது வருகிறது என்று பார்க்க எளிய வழி நோட்பேட். பில் மென்பொருளை மூடிவிட்டு அதில் இரண்டு பொருள்களைப் படியுங்கள். தனித்தனி வரியில் விழுந்தால் என்டர் இருக்கிறது. நடுவே வெற்று வரி வந்தால் 13, 10 இரண்டும் போகின்றன, ஒன்றை நீக்கலாம். இலக்கங்களை எண்ணி, உறையில் அச்சிட்டிருப்பதோடு ஒப்பிடுங்கள். தொடக்கத்தில் மூடும் சதுர அடைப்பும் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் ஒட்டிக்கொண்டு வந்தால், பார்கோடு எந்த வகை என்று சொல்லும் அடையாளக் குறியை யாரோ இயக்கியிருக்கிறார்கள்; ‘இ0’ என்றால் 13 இலக்கப் பொருள் கோடு, ‘சி1’ என்றால் ஜிஎஸ்1 முறையில் எழுதிய கோடு 128. கண்ணுக்குத் தெரியாத எழுத்துகளைக் காட்டும் எடிட்டர் ஒன்று இருந்தால் 29-ஐயும் பார்த்துவிடலாம்.

எல்லாம் சரியாக வந்ததும், இதுவரை படித்த கட்டளைக் கோடுகளை மட்டும் அதே வரிசையில் ஒரு தாளில் நகலெடுத்து வையுங்கள். முதலில் ‘தொழிற்சாலை நிலைக்குத் திரும்பு’, பிறகு கீபோர்டு அமைப்பு, சரிபார்ப்பு இலக்கம், பின்னொட்டு. கல்லாவில் கைக்கெட்டும் இடத்தில் ஒட்ட வேண்டாம், பொருளோடு சேர்த்துப் படித்துவிடுவார்கள். மேசை இழுப்பறைக்குள் இருக்கட்டும். அதே மாடலில் புது ஸ்கேனர் வந்தால் அந்தத் தாளை மேலிருந்து கீழாக ஒருமுறை படித்தால் போதும். வேறு நிறுவனத்தின் கருவி வந்தால் அந்தத் தாள் உதவாது, அதன் பெட்டிக்குள் இருக்கும் தாளிலிருந்து புதிதாக ஒன்று தயாரிக்க வேண்டும்.